எக்ஸ்ரே அக்காவின் ஒரே பரு

அந்தச் சந்தில் லேப்டாப் பழுது பார்க்கும் கடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். எல்லாக் கடையிலும் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைச் சரிசெய்யும் போர்டு வேலைக்குத்தான் மவுசு. உடைந்த மூடி, பிய்ந்த கீல், விரிசல் விட்ட உடம்பு என்று யாராவது வந்தால், "கடைசிக் கடைக்குப் போங்க, எக்ஸ்ரே அக்கா பார்ப்பாங்க" என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்கள்.

கடைசிக் கடை அம்மாவுடையது. ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அகலம். உள்ளே இரண்டு மேசைகள். அப்பா இருந்தவரை அவருக்குப் போர்டு, அம்மாவுக்கு உடம்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா போன பிறகு அவருடைய மேசையில் அம்மா டீ ஃபிளாஸ்க்கை வைத்தார். வேறு யாரையும் அங்கே உட்காரவிடவில்லை.

கடைக்கு வருவதற்கு முன்பு அம்மா ஆயத்த ஆடை ஆலையில் அளவுத்தாள் வெட்டிக்கொண்டிருந்தவர். ஆலை மூடியபோது ஒரு கட்டு ட்ரேசிங் தாளை அள்ளிக்கொண்டு வந்தார். அந்தத் தாள்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. உடைந்த உறுப்பின் உட்புறத்தில் தாளை விரிப்பார். ஓரங்களைப் பென்சிலால் உரசுவார். திருகாணி இறங்கும் ஒவ்வொரு துளையிலும் ஊசியால் குத்துவார். பிறகு தாளைக் குழல் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மாற்று உறுப்பு வாங்கப் போகும்போது தாளும் கூடப் போகும்.

"அடியில மாடல் நம்பர் ஒட்டியிருக்கே, அது போதாதா?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். அவள் பொறியியல் படித்தவள். பிளாஸ்டிக் வார்ப்பு ஆலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள்.

"அது குடும்பப் பேர்டி. அண்ணன் சட்டை தம்பிக்குச் சேருமா?"

அம்மாவுக்குத் தன்னடக்கம் கிடையாது. தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வார். அடுத்தவன் வேலையைக் கண்டபடி பேசுவார், அதுவும் வாடிக்கையாளர் முன்னால். "எந்த மகராசன் இதுல கை வச்சான்?" என்பது அவர் வாயில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது வரும். அவர் பெருமை அடித்துக்கொள்ளும் விஷயங்களில் முதலில் நிற்பது ஒன்று: "என் கை பட்ட மிஷின்ல பரு இருக்காது."

பரு என்பது அந்தத் தொழிலில் மட்டும் நடக்கும் ஒரு தப்பு. லேப்டாப்பின் அடிமூடியில் திருகாணிகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. பின்பக்கம் உடம்பு தடிமன், நீளமானவை அங்கே. முன் ஓரம் மெலிசு, குட்டையானவை அங்கே. மறந்துபோய் நீளமானதை முன்னால் போட்டு முறுக்கினால் அதன் நுனி மேலே முட்டும். உள்ளங்கை படியும் இடத்தில் பிளாஸ்டிக் சின்னதாக ஒரு கொப்புளம் விடும். அதுதான் பரு. ஒருமுறை வந்தால் போகாது. போட்டவன் அவசரக்காரன் என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். இதற்காகவே அம்மா ஓர் அட்டையில் லேப்டாப்பை வரைந்து, கழற்றிய திருகாணிகளை அதனதன் இடத்தில் குத்தி வைப்பார்.

மகள் ஒரு வார விடுப்பில் வந்திருந்தாள். அப்போதுதான் தட்டச்சுக்காரி கடைக்கு வந்தாள்.

வெள்ளைக் கோலை வாசல்படியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கடைசிக் கடை இதுதானே? இதுக்கு அப்புறம் சுவர்தான் இருக்கு" என்றாள். சின்ன வயதிலேயே பார்வை போனவள். ஒலிப்பதிவுகளைக் காதில் கேட்டுக் கேட்டு எழுத்தாக அடித்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கிடைக்கிற இடத்தில் கிடைக்கிற வேலை.

பையிலிருந்து அவள் எடுத்த லேப்டாப், திறக்கும்போது வாயைப் பிளந்தது. மூடியைத் தூக்கினால் கீலோடு சேர்ந்து விசைப்பலகைப் பக்கமும் பிய்ந்துகொண்டு மேலே வந்தது.

"பாம்ரெஸ்ட் போயிடுச்சு" என்றார் அம்மா. விசைப்பலகையைச் சுற்றியிருக்கும் மேல்தட்டு அது. தட்டும்போது கை படிந்திருக்கும் பகுதி. கீலைப் பிடிக்கும் பித்தளை நட்டுகள் அதன் உள்ளேதான் பதிந்திருக்கும். "நட்டெல்லாம் பிடுங்கிட்டு வந்திருக்கு. ஒட்டுனா நாலு நாள்கூட நிக்காது. வேற பாம்ரெஸ்ட்தான் போடணும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடுமாக்கா? அன்னைக்கு எனக்குத் தேர்வு. ஒரு ஆபீஸ்ல நிரந்தர வேலை. சொந்த மிஷின்லயே அடிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. வேகம்தான் பார்ப்பாங்க."

"வேற மிஷின்ல அடிச்சா?"

"அடிக்கலாம். தோத்துட்டு வரலாம்."

அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அடிமூடியைத் திறந்தார். திருகாணிகளை அட்டையில் குத்தும்போது கை நின்றது. முன் ஓரத்தில் இடப்பக்கம் இருந்தது நீளமானது. அதற்குரிய குட்டை, பின்பக்கத் துளையில் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா மேலே திருப்பிப் பார்த்தார். இருந்தது பரு.

"எந்த மகராசன் இதுல கை வச்சான்?"

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் ஃபேன் மாத்தினாரு."

"ஃபேன மாத்திட்டு நினைவுப் பரிசும் குடுத்துட்டுப் போயிருக்கான். விடு, புதுசுல இதெல்லாம் இருக்காது." இரண்டு திருகாணிகளையும் இடம் மாற்றிச் சரியாகக் குத்தி வைத்தார். திருப்தியாக இருந்தது.

மறுநாள் தாயும் மகளும் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். பார்ட்ஸ்காரர் அம்மாவைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்தார். மரியாதையால் அல்ல, நேரமாகும் என்று தெரியும். மூன்று பாம்ரெஸ்டுகளை மேசையில் அடுக்கினார்.

"மூணும் உங்க மாடல்தான்க்கா. மூணும் பொருந்தும்."

"பொருந்துமான்னு நீ சொல்லாத. துளை சொல்லட்டும்."

முதலாவது புத்தம் புதுசு, உறை பிரிக்காதது. அசல் இல்லை, நகல். அம்மா தாளை வைத்தார். துளைகள் அத்தனையும் நேராக நின்றன. ஆனால் கீல் பக்கத்து நட்டை நகத்தால் நெம்பியதும் அது ஆடியது.

"பசை போட்டு ஒட்டியிருக்கான். அசல்ல சூடு பண்ணி இறக்கியிருப்பான்" என்றாள் மகள்.

"கேட்டியாப்பா? என் பொண்ணு ஃபேக்டரில இதைக் குப்பையில போடுவாங்களாம்."

"அக்கா, நீங்க ஒருத்தர் வந்தாலே எனக்குப் பத்து பேர் வந்த மாதிரி. இப்போ துணைக்கு ஆள் வேறயா?"

இரண்டாவது அசல். பளபளவென்று இருந்தது. ஆனால் வலப்பக்கம் கைரேகை வைக்கும் கருவிக்கு ஒரு சதுரத் துளை. தட்டச்சுக்காரியின் லேப்டாப்பில் அந்தக் கருவியே கிடையாது. "வாய் பிளந்துக்கிட்டு நிக்கும். தூசி போகும். அவ கை அங்க போய் இடறும்" என்று அம்மா தள்ளி வைத்தார்.

மூன்றாவது, செத்துப்போன ஒரு லேப்டாப்பிலிருந்து கழற்றியது. மூலையில் ஒரு கீறல், ஓரத்தில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கரின் பிசுக்கு. அம்மா தாளை வைத்தார், தூக்கினார், விளக்குக்கு நேரே பிடித்தார். டச்பேட் நாடா வெளியே வரும் பிளவு, பவர் பட்டனின் இடம், ஒலிபெருக்கித் துளை, கீல் நட்டு, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. நட்டை நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

"புதுசை விட்டுட்டுப் பழசை எடுக்கிற ஒரே ஆள் நீங்கதான்க்கா."

"கீறல் யாருக்குத் தெரியப்போகுது? அவளுக்குத் தொட்டாத்தான் தெரியும். மழமழன்னு தேய்ச்சுக் குடுத்துடுவேன்."

பாம்ரெஸ்ட் மாற்றுவது வீடு மாற்றுவது மாதிரி. போர்டு, பேட்டரி, காற்றாடி, டச்பேட், விசைப்பலகை என்று உள்ளே இருக்கும் அத்தனை சாமானையும் பழைய வீட்டிலிருந்து எடுத்துப் புது வீட்டில் அதே இடத்தில் வைக்க வேண்டும். அன்று முழுக்க அம்மா அதைச் செய்தார். முடித்ததும் மூடியைத் திறந்து மூடிக் காட்டினார். சத்தமே இல்லை. மகள் மேல்தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தாள். அவள் ஆலையில்கூடத் தேறியிருக்கும். சொன்னாள். அம்மா ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். பாராட்டு வாங்கிக்கொண்டதற்கு ரசீது அதுதான்.

புதன்கிழமை லேப்டாப்பை வாங்கிப் போன தட்டச்சுக்காரி வியாழக்கிழமை காலையிலேயே வந்து நின்றாள்.

"அக்கா, இது என் மிஷின் மாதிரியே இல்ல."

"என்ன ஆச்சு? கீல் இறுக்கமா இருக்கா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கைதான் வழி தவறுது. இடது கையை எடுத்து ஒலிப்பதிவைப் பின்னாடி ஓட்டிட்டுத் திரும்ப வச்சா, ஒரு எழுத்து தள்ளி விழுது. ராத்திரி ஒரு பக்கம் அடிச்சேன். ஒரு வார்த்தை உருப்படியில்ல."

"எஃப் கீயிலயும் ஜே கீயிலயும் விரலுக்குத் தட்டுற கோடு இருக்குமே."

"இருக்குக்கா. தேடினாக் கிடைக்குது. தேடிட்டு இருந்தா வேகம் எங்கேர்ந்து வரும்?"

அம்மா அட்டையை எடுத்தார், தாளை எடுத்தார், துளைத் துளையாகச் சொன்னார். எல்லாம் பொருந்தியிருக்கிறது, விசைப்பலகை அதேதான், ஒரு மயிரிழை நகரவில்லை. "உடம்பு புதுசு. கை பழகணும். அவ்வளவுதான்" என்று முடித்தார். குரலில் கொஞ்சம் சூடு இருந்தது.

"நாளைக்குத் தேர்வுக்கா" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. லேப்டாப்பைப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ட்ரேசிங் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சரியாக இருந்தது. அதுதான் அவரைக் குடைந்தது.

"இரு. உட்காரு. எனக்கு முன்னாடி அடி பார்க்கலாம்."

அப்பாவின் மேசையில் இருந்த ஃபிளாஸ்க்கை அம்மா எடுத்துக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். தட்டச்சுக்காரி அங்கே உட்கார்ந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். விரல்கள் மழை பெய்கிற மாதிரி விழுந்தன. பிறகு இடது கை எழுந்து ஒலிப்பதிவுக் கருவிக்குப் போயிற்று, திரும்பியது. திரும்பிய கை உடனே விசைக்குப் போகவில்லை. மணிக்கட்டு மேல்தட்டில் இறங்கி, இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று தடவியது. இருட்டில் செருப்பைத் தேடும் கால் மாதிரி.

அம்மா எழுந்து கழிவுக் கூடைக்குப் போனார். உடைந்த பழைய பாம்ரெஸ்டை எடுத்து வந்தார். தட்டச்சுக்காரியின் இடது மணிக்கட்டைப் பிடித்து அதன் மேல் வைத்தார். மணிக்கட்டு கொஞ்சம் நகர்ந்தது. பருவின் மேல் போய் நின்றது. விரல்கள் தாமாகவே மேலே விரிந்து, விசைகள் இருந்திருக்க வேண்டிய வெற்று இடத்தில் தொங்கின.

"இதுவா?"

தட்டச்சுக்காரி வலது விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் தொட்டாள். "இது இருந்ததே எனக்குத் தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "தெரிஞ்சே திட்டிட்டு எடுத்தேன்."

முதலில் பசையால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார்கள். காய்ந்ததும் அவள் அடித்தாள். மணல் உறுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். இரண்டாவது பக்கத்தில் அது பெயர்ந்து மணிக்கட்டோடு வந்துவிட்டது. அம்மா அதைச் சுண்டி எறிந்துவிட்டு, அட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு திருகாணி டப்பாவை இழுத்தார்.

"அம்மா, வேண்டாம்" என்றாள் மகள். என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "பழைய பிளாஸ்டிக். வெளுத்து வெடிச்சிடும். வேற பாம்ரெஸ்ட் இல்ல. நாளைக்குத் தேர்வு."

"அந்த மகராசன் போட்டப்போ வெடிக்கலையே."

"அவன் அதிர்ஷ்டம். உங்களுக்கும் அது இருக்கும்னு என்ன நிச்சயம்?"

"அப்போ படிச்ச ஆள் நீ சொல்லு. வெடிக்காம எப்படிப் பண்றது?"

மகள் பழைய பாம்ரெஸ்டை வளைத்துப் பார்த்தாள். "சூடு பண்ணணும். கை தாங்குற சூடு போதும். அப்புறம் மெதுவா ஏத்தணும், ஒரே மூச்சுல இல்ல. ஆறுற வரைக்கும் அசைக்கக் கூடாது."

"படிக்க வச்சது வீண் போகல" என்று சொல்லிவிட்டு அம்மா டப்பாவைக் கிண்டினார். பின்பக்கத்து நீளம் போட்டால் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். குட்டையால் பிரயோஜனமில்லை. வேறு ஏதோ மாடலில் மிஞ்சிய, நடு நீளத்தில் ஒன்று கிடைத்தது. அதன் நுனியை அரத்தில் தேய்த்து மழுங்கலாக்கினார். பழைய பாம்ரெஸ்டில் ஒருமுறை போட்டுப் பார்த்தார். அதுவரை தன் கையால் ஒரு பரு போட்டதில்லை அவர். போட்டவர்களைப் பற்றி அந்தச் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

லேப்டாப்பை நிமிர்த்தி விளிம்பில் நிறுத்தினார்கள். பசை காய வைக்கக் கடையில் இருந்த ஹேர் டிரையரை மகள் பிடித்தாள். தட்டச்சுக்காரி மேல்பக்கத்தில் இடது மணிக்கட்டை, எங்கே வேண்டுமோ அங்கே வைத்தாள். திருகாணித் துளை அந்த இடத்துக்கு நேர் கீழேதான் இருந்தது. அம்மா அடிப்பக்கத்திலிருந்து திருப்புளியைச் செருகினார்.

"சொல்லிட்டே இரு."

"ஒண்ணும் இல்ல."

கால் சுற்று.

"ஒண்ணும் இல்லக்கா."

கால் சுற்று. அம்மாவின் நெற்றியில் வியர்வை இறங்கியது. துடைக்க அவருக்குக் கை ஓய்வாக இல்லை. மகளுக்கும் இல்லை.

"ஆ, தொடுது. இன்னும் கொஞ்சம்."

"வெளுக்குதாடி?"

"இல்ல" என்றாள் மகள். கண்ணை எடுக்கவில்லை.

கால் சுற்றிலும் பாதி.

"போதும்" என்றாள் தட்டச்சுக்காரி. "அங்கதான். நிறுத்துங்க."

மூவரும் அது ஆறுவதற்குக் காத்திருந்தார்கள். பிறகு அவள் அடித்தாள். கை எழுந்தது, போயிற்று, வந்தது, உட்கார்ந்தது. தேடவில்லை. லேப்டாப்பின் குரல் அவள் அடித்த பக்கத்தை மடமடவென்று படித்துக் காட்டியது. ஒரு வார்த்தையும் பிசகவில்லை. அம்மாவுக்கு அந்தக் குரலின் வேகத்தில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தட்டச்சுக்காரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை கிடைத்த செய்தி அடுத்த வாரம் தொலைபேசியில் வந்தது. அம்மா, "சரிம்மா, நல்லாரு, டீ ஆறுது" என்று வைத்துவிட்டார். மகள் அப்போது ஊர் திரும்பியிருந்தாள். அம்மா அவளைக் கூப்பிட்டு அதையே மூன்று விதமாகச் சொன்னார். மூன்றிலும் அம்மா கொஞ்சம் கொஞ்சம் உயர்ந்துகொண்டே போனார். ஹேர் டிரையர் மட்டும் ஒவ்வொரு முறையும் மறக்காமல் வந்தது. விஷயம் பார்ட்ஸ்காரர் காதுக்கும் போயிருந்தது. "எக்ஸ்ரே அக்கா கையிலயே பருவா?" என்று கேட்டாராம். "அது பரு இல்லப்பா, ஆர்டர்" என்றாராம் அம்மா.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனார். காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. கைப்பையில் திருப்புளி ஒன்று இருந்தது. மருத்துவமனைக் கட்டிலின் தள்ளு மேசை ஆடுகிறது என்று எடுத்துவரச் சொல்லியிருந்தார். மேசை இப்போது ஆடவில்லை. இறுக்கிவிட்டுத்தான் போயிருந்தார்.

வாங்கிப் போகாத லேப்டாப்புகளைத் திருப்பிக் கொடுப்பதற்காக மகள் கடையைத் திறந்தாள். சந்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், நின்றார்கள், அவரவர் கடைக்குப் போனார்கள். ஒரு மதியம் வாசல்படியில் கோல் தட்டும் சத்தம் கேட்டது.

"கேள்விப்பட்டேன்" என்றாள் தட்டச்சுக்காரி. உள்ளே வந்து உட்கார்ந்தாள். மகள் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி அவள் கையில் கொடுத்தாள். அவள் குடித்து முடித்தாள். எழுந்துகொள்ளும்போது மடியிலிருந்த பையை அவள் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"அது என்ன பையில?" என்றாள் மகள்.

"ஆபீஸ்ல புது மிஷின் குடுத்திருக்காங்க. பழசு ஓய்ஞ்சிடுச்சு. இதுல மழமழன்னு இருக்கு. கேக்குற நேரம் இது இல்லன்னு தெரியும். எடுத்துட்டு வந்துட்டேன், ஆனா கேக்க வாய் வரல."

"குடுங்க."

மகள் அடிமூடியைப் பார்த்தாள். முன் ஓரத்தில் இடப்பக்கம், குட்டைத் திருகாணி. அம்மாவின் டப்பாவில் நடு நீளத்தைத் தேடி எடுத்தாள். அரத்தில் நுனியைத் தேய்த்தாள். அம்மாவின் அட்டையில் அந்தக் குட்டையைக் குத்தி வைத்தாள். ஹேர் டிரையரைப் பிடிக்க ஆள் இல்லை. தட்டச்சுக்காரியின் வலது கையில் கொடுத்தாள், திசையைக் காட்டினாள். ஆலையில் இப்படி ஒரு தட்டு வந்தால் அவள் சிவப்புக் கூடையில் போடுவாள். பல வருடங்களாக அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"சொல்லிட்டே இருங்க."

"ஒண்ணும் இல்ல."

கால் சுற்று.

"இன்னும் கொஞ்சம்."

கால் சுற்றிலும் பாதி.

"போதும்."

ஆறட்டும் என்று இருந்தார்கள். பிறகு தட்டச்சுக்காரி இடது கையைத் தூக்கிக் காற்றில் எங்கோ கொண்டுபோய்த் திரும்ப இறக்கினாள். மணிக்கட்டு பருவின் மேல் வந்து நின்றது. மறுபடி தூக்கினாள், மறுபடி இறக்கினாள்.

"அம்மா போட்ட மாதிரி இருக்கா?" என்றாள் மகள்.

"இல்ல" என்றாள் அவள். "அக்கா போட்டது இன்னும் கொஞ்சம் வழவழன்னு இருக்கும்." இன்னொரு முறை கையை இறக்கிப் பார்த்தாள். "பரவாயில்ல. பழகிடும்."